இரண்டு காசு

அன்புள்ள ஜெசிக்கு,

அக்கா எழுதுவது. காணிக்கைப் பை வரும்போது பத்து ரூபாயை உள்ளங்கைக்குள் மடக்கி, பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காதபடி போடுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. யாருக்காகடி வெட்கப்படுகிறாய்?

மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசி. ஆலயத்தில் இரண்டு காசு காணிக்கை போட்ட ஏழை விதவை அதில் வருகிறாள். அவள் போட்ட காசுக்கு லெப்டன் என்று பேர். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அதற்கு 128 லெப்டன். இரண்டு அடைக்கலான் குருவி வாங்கவே எட்டு லெப்டன் வேண்டும். அவளிடம் இருந்தது இரண்டு! அலெக்சாந்தர் யன்னேயு என்ற யூத அரசன் கி.மு. 103 முதல் 76 வரை ஆண்டான். அவன் அடித்த செப்புக்காசுகள் நூறு வருஷம் கழித்தும் கைமாறிக்கொண்டிருந்தன. அவள் போட்டதும் அந்த வகைதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பக்கம் நங்கூரம், மறுபக்கம் நட்சத்திரம். அச்சு கோணலாக விழுந்து, ஒரு கிராம்கூடத் தேறாத காசுகள் அதில் நிறைய. ஆலய வரிக்கு அது செல்லாது. அதற்குத் தீரு பட்டணத்தின் நல்ல வெள்ளிக்காசு வேண்டும். ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்தன என்று யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஆண்டவர் கவனித்தது அவளைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதே. அதற்குச் சற்று முன்னால்தான் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை அவர் கண்டித்தார். அவளைப் புகழ்ந்தார், சரி. ஆனால் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிடு என்று எந்த ஏழையிடமும் அங்கே அவர் கேட்கவில்லை. கட்டிட நிதிக்கு உன் கம்மலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டி. உன் வீட்டுக்காரர் போன பிறகு உன்னிடம் மிஞ்சியிருக்கிற பொன் அது ஒன்றுதான். யார் வந்து கேட்டாலும், அக்கா வேண்டாம் என்றாள் என்று என் பேரைச் சொல். பத்து ரூபாயே போடு, கையை விரித்துப் போடு.

பெரியவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் எப்போது? எவ்வளவு குறைகிறது என்று சரியாக எழுது. அத்தானிடம் சொல்லிவிட்டேன், சீட்டுப் பணம் வந்ததும் அனுப்பிவைக்கிறோம்.

அன்புடன்,
அக்கா