ஊர் எது?

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், நன்னடத்தை உத்தியோகத்தர் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நன்னடத்தை என்ற சொல் எங்கள் மக்களுக்குக் குற்றஞ் செய்த சிறுவரையும் நீதிமன்றத்தையுமே நினைவூட்டுவது. சிறுவர் பராமரிப்பும் அதே திணைக்களத்தின் பொறுப்பு என்பதனை அறிந்தவர் சிலரே. ஆதலால் வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மறுநாட் காலை அயல் வீட்டுப் பெண்மணி என்னை ஒழுங்கையில் மறித்து, "ரீச்சர், உங்கட வீட்டில என்ன வழக்கு?" என்று கேட்டார். "வழக்கொண்டும் இல்லை அக்கா. ஒரு பிள்ளை எடுக்கப் போறம்," என்றேன். அவர் அடுத்த கணமே கேட்ட கேள்வி ஒன்றுண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

எங்களுக்கு மணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வைத்தியர்களிடம் போனதும், கோயில்களுக்கு நேர்ந்ததும், கலியாண வீடுகளில் ஆலாத்தி எடுக்க வேறொருத்தியைத் தேடி என்னைத் தாண்டிச் சென்ற கண்களும் பற்றி இங்கு விரித்தெழுத நான் விரும்பவில்லை. அத்தகைய வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியும். வாழாதவர்களுக்குச் சொல்லி விளங்காது.

சட்டம் இதனை 'மகவேற்பு' என்கிறது. 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. விண்ணப்பிப்பவர் 25 வயதைக் கடந்தவராயும் பிள்ளையிலும் பார்க்கக் குறைந்தது 21 வயது மூத்தவராயும் இருத்தல் வேண்டும். மகவேற்பு என்ற சொல்லை ஆக்கியவர் யாரோ, நல்ல தமிழ் அறிந்தவர். நாட்டு வழக்கில் உள்ள 'தத்து' என்ற சொல்லுக்கோ இரண்டு பொருள். பிறர் பிள்ளையை எடுப்பதும் தத்து. சாதகக்காரர் எச்சரிக்கும் உயிராபத்தும் தத்து. "பிள்ளைக்கு ஒரு தத்து இருக்கு" என்று கேட்டு நடுங்காத தாய் எங்கள் ஊரில் இல்லை. இரு சொற்களும் வேர் வேறாயிருக்கலாம். ஆயினும் பிள்ளை எடுக்கப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது உறவினர் முகங்களில் நான் கண்டது அந்த இரண்டாவது பொருளைத்தான்.

உத்தியோகத்தர் என் வயதினர், அமைதியானவர். ஸ்கூட்டரை மாமரத்தின் கீழ் நிறுத்திவிட்டு, விறாந்தையில் இருக்கச் சொன்னபோது இருக்காமல், முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றார். கிணற்றுக் கட்டில் கையை வைத்து அதன் உயரத்தைத் தம் இடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, இன்னும் ஓரடியாவது உயர்த்தவேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். பின்பு அறைகள், குசினி, கழிவறை, சுவரில் தாழ இருந்த மின்செருகிகள். புத்தக அலுமாரியின் முன் சற்று நின்றார். அதைப் பற்றி ஒன்றும் எழுதியதாகத் தெரியவில்லை. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கைகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் அறிக்கை, சம்பள விபரம் என எல்லாவற்றையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தோம். 2021 இல் சம்பள முரண்பாட்டுக்கு எதிராக நாடெங்கும் ஆசிரியர்கள் நடத்திய போராட்டத்தில் நானும் பங்குகொண்டவள். இந்தச் சம்பளத்தில் மனிதர் வாழ முடியாது என்று அன்று எழுதிய அதே கையால், இந்தச் சம்பளத்தில் ஒரு பிள்ளையைக் குறைவின்றி வளர்க்கமுடியும் என்று கையொப்பமிட்டேன். என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பெற்றவர்களின் வீட்டுக்கு இப்படி எவராவது வந்து கிணறு அளக்கிறார்களா?" என்று என்னோடு படிப்பிக்கும் நண்பரொருவர் எனக்காகக் கோபப்பட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1980 களில் இந்த நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளின் தொகை 11,000 வரை இருக்கலாம் எனக் கூறப்படுகிறது. அவர்களிற் பலரின் பத்திரங்கள் பொய்யானவை என்பது, வளர்ந்த பிள்ளைகள் தாயைத் தேடித் திரும்பி வந்தபோது தெரியவந்தது. பத்திரத்தில் தாய் என்று ஒப்பமிட்டவள் தாயல்லள். கூலிக்கு வந்து நீதிமன்றத்தில் நின்றவள் என்று கண்டறிந்தவர்கள் உளர். 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியொன்று இதனை அம்பலப்படுத்தியபின், எங்கள் அமைச்சர் ஒருவரே பிள்ளை விற்பனை நடந்ததை ஒப்புக்கொண்டார். தோட்டத் தொழிலாளி, வீட்டு வேலைக்காரி, கணவனால் கைவிடப்பட்டவள் ஆகியோரின் வயிறுகள்தாம் அந்த ஏற்றுமதியின் மூலப்பொருளாயின. தேயிலைக்கும் இறப்பருக்கும் இருந்த கணக்குக்கூட இப்பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. 1992 இல் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டாருக்குப் பிள்ளை கொடுப்பது இறுக்கமான கட்டுப்பாட்டுக்குட்பட்டது. பிள்ளைக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஆகவே, ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து கிணற்றுக் கட்டை அளப்பது எனக்கு அவமதிப்பாகப் படவில்லை. அது முன்பே நடந்திருக்க வேண்டியது.

இன்னொன்றையும் அன்று அவரிடமிருந்து அறிந்தேன். சிறுவர் இல்லங்களில் இத்தனை பிள்ளைகள் இருக்க நாங்கள் ஏன் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டும் என்று என் கணவர் கேட்டார். "அதுகளில கனபேருக்குத் தாயோ தேப்பனோ இருக்கினம். சோறு குடுக்க வழியில்லாமல் விட்டிட்டுப் போனவை. அதுக்காக அந்தப் பிள்ளையளை உங்களிட்டத் தரேலுமோ?" என்றார். பிள்ளையில்லாத வீட்டின் வெறுமையைப் பெரிதாக நினைத்து வாழ்ந்த எனக்கு, சோறில்லாத காரணத்தாற் பிள்ளையைப் பிரிந்திருக்கும் வீடு என்று ஒன்று இருப்பது அதுவரை புத்தியில் உறைக்கவில்லை.

பின்னர் எங்களை ஒவ்வொருவராகத் தனியே அழைத்துப் பேசினார். மாமியிடம் பேசியபோது நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சுவர் மெல்லியது.

மாமியின் மூத்த மகன், எங்கள் எண்ணத்தை அறிந்த நாள்முதல் இவ்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. 'இரத்தம்', 'பரம்பரை' என்றெல்லாம் பலரிடமும் பேசியிருக்கிறார். ஆனால் பேச்சின் அடியில் இருப்பது, மாமனாரின் முதுசொமாக எங்களுக்கு வந்த எட்டுப் பரப்புக் காணி. பிள்ளையில்லாதவரின் காணி ஒருநாள் தம் மக்களுக்கு வரும் என அவர் எதிர்பார்த்திருந்தார். இதிலே எங்கள் முன்னோர் இவரினும் ஒளிவுமறைவற்றவர்கள். 1707 இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிற் பிள்ளை எடுக்கும் முறை கூறப்பட்டுள்ளது. எடுப்பவர் மஞ்சள் நீர் அருந்தவேண்டும். அதற்குமுன், உரித்துக்குரிய உறவினர் தம் சம்மதத்துக்கு அடையாளமாக அந்நீரிலே விரலைத் தோய்க்கவேண்டும். இரத்தம் பற்றியோ பாசம் பற்றியோ எவரும் அங்கு வாய் திறக்கவில்லை. விடயம் சொத்து, ஆதலால் விரலை வை என்றார்கள். இன்றைய சட்டம் மைத்துனரின் விரலைக் கேட்பதில்லை.

"அம்மா, வாற பிள்ளையைப் பேரப்பிள்ளையா ஏத்துக்கொள்ளுவியளோ?" என்று உத்தியோகத்தர் கேட்டார். நீண்ட நேரம் ஓசையில்லை. பிறகு மாமி, "அவையின்ர விருப்பம்," என்றார். அவ்வளவே. மாமியின் மீது எனக்கு மிகுந்த மனத்தாங்கல் உண்டாயிற்று. பழைய உலகம் எளிதில் அழியாது என்று எண்ணியவாறே, தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தேன்.

என் முறை வந்தது. என் இளமைக் காலம், மண வாழ்க்கை, கோபம் வந்தால் என்ன செய்வேன், பிள்ளையிடம் உண்மையை எப்போது சொல்வேன் என்று பலவும் கேட்டார். எல்லாவற்றுக்கும் நன்றாகவே விடை சொன்னேன். மேடைகளிற் பேசிப் பழகிய வாய். ஆண், பெண் வேறுபாடில்லை; நிறம் பொருட்டன்று; நோயுற்ற பிள்ளையாயினும் சரி என்றேன். கொப்பியை மூடப்போனவர், "நீங்கள் ஏதும் கேக்க இருக்கோ?" என்றார்.

"பிள்ளையின்ர ஊர் எது எண்டு சொல்லுவீங்களோ?" என்றேன்.

யாழ்ப்பாணத்திற் பிறந்தவர்களுக்கு இக்கேள்வியின் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சொல்கிறேன். இங்கு சாதியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஊர் எது என்பார்கள். ஊரைச் சொன்னால் அதில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்பார்கள். மூன்றாவது கேள்விக்கிடையில் ஆளை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஒழுங்கையில் மறித்த அந்த அக்கா, "பிள்ளை எடுக்கப் போறம்" என்றதும் கேட்டது இதனைத்தான்: "எந்த ஊர்ப் பிள்ளை?" பதில் சொல்லாமல், பாடசாலைக்கு நேரமாகிவிட்டது என்று விரைந்தேன். அது ஞாயிற்றுக்கிழமை. அவரிடம் சினங்கொள்ளும் உரிமையை அதற்கு முந்திய நாளே நான் இழந்துவிட்டிருந்தேன்.

உத்தியோகத்தர் என்னை ஏறிட்டு நோக்கினார். கனிவாகவே, "தாயைப் பற்றி அறிய விரும்பிறியள் போல," என்றார். கதவொன்று திறந்தது. "ஓம், பிள்ளை ஒருநாள் கேட்டால் சொல்லவேணுமெல்லோ," என்றேன். பொய். சோறில்லாத தாயைப் பற்றி அரை மணித்தியாலத்துக்கு முன் நெஞ்சுருகியவள், அந்தத் தாயையே எடுத்து எனக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏதோ இரண்டு வரி எழுதினார்.

உயர்தர வகுப்பு மாணவருக்கு ஆண்டுதோறும் நான் தவறாமற் சொல்லும் கதை ஒன்றுண்டு. பாடத்திட்டத்துக்குப் புறம்பாயினும் சொல்வேன். ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்து, பிறந்த இடங்களிலேயே விடப்பட்ட எழுவரின் கதை. ஔவை பாணர் வீட்டிலும், உப்பை வண்ணார் வீட்டிலும், கபிலர் அந்தணர் வீட்டிலும் வளர்ந்தார்கள் எனக் கபிலரகவல் கூறும். வரலாறன்று, வெவ்வேறு காலத்துப் புலவர்களை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக்கிய கட்டுக்கதை. ஆனாற் கட்டியவனின் நோக்கம் தெளிவானது. ஒரே வயிற்றிற் பிறந்தவர்கள் ஏழு வீடுகளில் வளர்ந்து வேறு வேறு சாதியானால், சாதி பிறப்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, வகுப்பின் அமைதியை இரசித்தபடி சோக்குக் கட்டியை மேசையில் வைப்பேன். திங்கட்கிழமை அந்த வகுப்புக்குப் போனபோது மேசையும் சோக்குக் கட்டியும் அப்படியே இருந்தன. அன்று இலக்கணம் படிப்பித்தேன்.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "நீ வாய்விட்டுக் கேட்டிட்டாய். நான் கேக்கேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்," என்றார். இருவரும் மாணவப் பருவம்முதல் ஒரே மேடைகளில் நின்றவர்கள். எங்கள் மணமே இரு வீட்டார்க்கும் 'பொருத்தமான' இடத்தில்தான் நடந்தது என்பது எங்கள் இருவருக்கும் அன்றுவரை நினைவுக்கு வராத ஒரு தற்செயல்.

மாசி மாதத்தில் உத்தியோகத்தர் இரண்டாம் முறை வந்தார். அவர் கதிரையில் இருக்குமுன்பே, நின்றபடியே சொல்லிவிட்டேன். "அண்டைக்கு நான் ஊர் கேட்டது தாய்க்காக இல்லை மிஸ். சாதி அறியத்தான்."

"தெரியும் ரீச்சர்," என்றார். "அண்டைக்கே எழுதிப்போட்டன்."

"என்னெண்டு?"

"அறிக்கை காட்டுறதில்லை." சற்றுப் பொறுத்து, "எனக்கு வேற ஒண்டு சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து, 'அம்மா, என்ர ஊர் எது எண்டு கேக்கினம்' எண்டு சொன்னால், என்ன சொல்லுவியள்?" என்றார்.

இதே ஊர், இதே வீடு, இதே படலை என்று சொல்லிக்கொடுப்பேன் என்றேன். அது கேட்டவர்களுக்குப் போதாதே என்றார். போதாதுதான் என்றேன். பிள்ளைக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன், என்னைத் தாண்டித்தான் அடுத்த கேள்வி போகவேண்டும் என்று சொல்ல நினைத்தேன். மேடைப் பேச்சுப்போல் இருந்தமையாற் சொல்லவில்லை. அவர் ஒன்றும் எழுதாமற் கொப்பியை மூடிக்கொண்டு, கிணற்றடிக்குப் போனார்.

அங்கே மேசனொருவர் நின்று கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. சம்பளம் வந்தபின் செய்விக்கலாம் என்று ஒத்திவைத்திருந்தோம். மாமி சீட்டுக் காசை எடுத்து, அயல் வீட்டுப் பையனை அனுப்பி, மூன்று பை சீமெந்தும் கல்லும் விடியற்காலையில் இறக்குவித்திருக்கிறார். எங்கள் காலடிச் சத்தத்துக்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓரடி காணாது தம்பி," என்று மேசனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒண்டரை அடி உயத்து. சின்னதுகள் கல்லை வைச்சு ஏறுங்கள்."

அறிக்கை மாகாண அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து கடிதம் வரவேண்டும். அதன் பின்பு மாவட்ட நீதிமன்றம். இன்றுவரை கடிதம் வரவில்லை.