ஓடாவியாரின் வேப்பம் பலகை

சென்ற சித்திரை விடுமுறையில் மைத்துனரின் சிறு பாய்ப்படகிலே கற்பிட்டியிலிருந்து மன்னாருக்குப் பயணமானோம். தாழ்வுபாட்டுக்கு அண்மையில் மணல்திட்டொன்றிலே தட்டிச் சுக்கான் முறிந்தது. அதைத் தாங்கும் வெண்கலக் கொளுக்கிகளும் நெளிந்துவிட்டன. மீன்பிடி வள்ளமொன்று நம்மைக் கரைக்கு இழுத்துவந்தது.

சுக்கானைப் புரட்டிப் பார்த்தார் முதிய ஓடாவியார். இப்போதெல்லாம் அவருக்கு பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவதுதான் தொழில். "வேப்பம் பலகை கிடக்கு மாஸ்டர். கொளுக்கியைக் கொல்லரிட்டை அடிப்பிப்பம். மூண்டு நாள் காணும்" என்றார். நாம் புன்னகைத்தோம். அசல் உறுப்பே வெளிநாட்டிலிருந்து கொழும்பு வழியாக வரட்டும் என்றோம்.

பன்னிரண்டு நாட்கள் காத்திருந்தோம். சோளகம் எழுந்துவிட்டால் தென்கரைக் கடல் சிறு படகுக்கு உதவாது; வைகாசியோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவாறு பொதி வந்தது. கொளுக்கியின் துளை அரை அங்குலம் சிறிது! அளவெடுத்து எழுதி அனுப்பியவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், நம்மவர் செலுத்த, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பிலே பெருமிதத்தோடு சொல்லிவருகிறோம். அதைக் கட்டியவர்களும் ஓடாவிமாரே என்பது அன்று அந்த மணலில் அமர்ந்திருந்தபோதுதான் நெஞ்சிற் சுட்டது.

மாலையில் அவர் வீட்டுக்குச் சென்றோம். நாம் வாய் திறக்குமுன் முற்றத்தைக் காட்டினார். அங்கே பாதி செதுக்கிய பலகையொன்று நிழலிலே சாத்தியிருந்தது.

"வருவியள் எண்டு தெரியும். நல்லாக் காயட்டுமெண்டு விட்டனான்" என்றார்.