வராதுங்க்ணா

பைக் வாங்கிப் பதினோரு மாசம். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிவு. “தேய்மானமுங்க்ணா, வாரண்டில வராது” என்றார் ஆர்.எஸ்.புரம் சர்வீஸ் சென்டர்காரர். கோவையில் மறுப்பைக்கூட அவ்வளவு மரியாதையாய்ச் சொல்வார்கள், எதிர்த்துக் கேட்கவே கூச்சமாயிருக்கும்.

வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பட்டியலில் பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் உண்டு. ஆயில் சீல் இல்லை. அதைச் சொன்னதும் கஸ்டமர் கேர் புகாரையே மூடிவிட்டது. எங்கள் ஆபீஸில் காரணம் எழுதாமல் டிக்கெட்டை மூடினால் மறுநாளே திறந்துவிடுவார்கள். இவர்களிடமும் அதையே கேட்டேன்: எந்த விதிப்படி மறுக்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள். கூடவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் குறிப்பிட்டேன். அதன்படி, குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

நாலாம் நாள் மெயில் வந்தது. மறுப்புதான், ஆனால் காரணத்தோடு. வாய்ச்சொல்லை ஆணையத்தில் யாரிடம் காட்டுவது? இதைக் காட்டலாம்.