ஆறிப்போன ஹீட்டர்

கொடைக்கானல் என்றதும் ஹாஸ்டல் நண்பர்களுக்கு ஏரியும் படகும் சாக்லேட்டும்தான் ஞாபகம் வரும். எனக்கு ரேடியேட்டர் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

எங்க ஊர் போளூர். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டி வரணும். சித்தப்பாவிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் வேன். பூண்டு மூட்டைகளை வடுகபட்டி சந்தையில் இறக்கிவிட்டு, திரும்பும்போது உரமும் அரிசியும் ஏற்றி வருவார். லீவு விட்டால் கிளீனர் நான்தான் :-)

ஒரு தை மாதம், புல் எல்லாம் உறைபனி. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஹீட்டரைப் போட்டால் பச்சைத்தண்ணி மாதிரிக் காற்று. முன் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படர, நான் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். "வண்டிக்கு வயசாயிடுச்சுடா, மங்கி குல்லாவை இழுத்து விட்டுக்கோ" என்றார் சித்தப்பா. அத்தோடு விட்டுவிட்டோம்.

ஹீட்டருக்குத் தனி அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினைச் சுற்றி வரும் சுடுதண்ணீரில் கொஞ்சம், டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டருக்குப் போகிறது. ஃபேன் அதன்மேல் ஊதுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் பல வண்டிகளில் அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் முதலில் காயும். அதாவது, வண்டி மூன்று மாதம் முன்பே எங்களிடம் சொல்லிவிட்டது.

சித்திரை வெயிலில், முழு லோடோடு மலை ஏறும்போது, டம்டம் பாறைக்கு மேலே முள் சிவப்புக்குப் போனது. காலையில் தண்ணீர் பார்ப்பது கிளீனர் வேலை. அன்றைக்கு நான் பார்க்கவில்லை. சித்தப்பா சாக்கை மடித்து வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். சீறி வந்த கொதிநீரில் வலது கை வெந்துவிட்டது. மூன்று வாரம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டருக்குள் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் அடக்கி வைப்பது மூடி தரும் அழுத்தம். சூட்டோடு திறந்தால் மொத்தமும் பொங்கும். ஓரமாக நிறுத்தி, லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திறந்தால் சூடு கொஞ்சம் இறங்கும். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினை உடனே அணைக்கணும். எப்படியானாலும், கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறாமல் மூடியைத் தொடக்கூடாது.

பிறகு ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார். "இனிமே சூடே ஏறாது" என்றார். மார்கழியில் அவர் சொன்னது பலித்தது: எஞ்சின் சூடேறவே இல்லை, டீசல் மட்டும் கூடுதலாகக் குடித்தது. மலை ஏறும்போது மட்டும் பழையபடி கொதித்தது! வத்தலக்குண்டில் ஒரு பெரியவர்தான் கண்டுபிடித்தார். வாட்டர் பம்ப் சீலில் கசிவு. குறையக் குறைய நாங்கள் ஊற்றிய கீழ்நாட்டு போர்த் தண்ணீரின் உப்பு, ரேடியேட்டர் குழாய்களை அடைத்திருந்தது. தெர்மோஸ்டாட் பாவம், எண்பது டிகிரி வாக்கில் திறக்கும் ஒரு கதவு. அதைக் கழற்றியது, காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை உடைத்த கதை.

அவர் சொல்லித்தந்த சோதனை எளிது. எஞ்சின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடு என்றால் கோளாறு ஃபேனிலோ, காற்றைத் திருப்பும் தட்டிலோ. ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தண்ணீர் குறைவு, ஏர் லாக், இல்லை தெர்மோஸ்டாட் மூடவில்லை.

இப்போது புது தெர்மோஸ்டாட், தண்ணீருக்குப் பதில் கூலன்ட். ஊரைத் தாண்டியதும் சித்தப்பா ஹீட்டர் முன்னால் கையை நீட்டி, சூடு வருகிறதா என்று பார்ப்பார். தழும்பு இருக்கும் அதே கை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.