வேரின் மூச்சு

என் தந்தையார் வாழ்நாளெல்லாம் காவிரிப் பாசன நிலத்தில் நெல் விளைவித்தவர். என் கல்விக்காக நிலத்தின் ஒரு பகுதியையும், தங்கையின் திருமணத்திற்காக மறுபகுதியையும் விற்றார். முதுமையில் சென்னைக்கு வந்து, மூன்றாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டில் தங்கினார். அதன்பின் வேளாண்மையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. மழை பெய்யும்போது மட்டும் சன்னலருகே நெடுநேரம் நிற்பார்.

எங்கள் வீட்டின் பால்கனி மிகச் சிறியது. மண்தொட்டிகளின் சுமையைத் தாங்குமோ என்ற ஐயமும் இருந்தது. எனவே, மண்ணில்லா வேளாண்மையை முயன்று பார்க்க எண்ணினேன். செய்தியைக் கேட்ட தந்தையார், “மண் இல்லாமல் பயிரா?” என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இம்முறை நேற்று தோன்றியதன்று. இங்கிலாந்தின் ஜான் உட்வார்டு, நீரில் புதினா வகைச் செடியை வளர்த்து ஆராய்ந்து, 1699இல் தம் முடிவுகளை வெளியிட்டார். மழைநீரைவிட, தோட்டமண் கலந்த நீரில் செடி செழித்து வளர்வதை அவர் கண்டார். மண்ணிலிருந்து நீரில் கரையும் சத்துகளே செடிக்கு உணவாகின்றன என்பதைப் பிற்கால அறிஞர்கள் தெளிவுபடுத்தினர். 1937இல் கலிபோர்னியாவின் கெரிக், இம்முறைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்னும் பெயரைப் பரவச் செய்தார். நீர், உழைப்பு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது.

மூடியுள்ள இருபது லிட்டர் வாளி ஒன்றை வாங்கினேன். ஒளி புகுந்தால் நீரில் பாசி படரும் என்பதால், வெளிப்புறம் கருவண்ணம் பூசினேன். மூடியில் நான்கு துளைகளிட்டு, துளைக்கொன்றாக வலைக்கிண்ணம் பொருத்தினேன். தென்னைநார்த் தூளில் முளைத்த பாலக்கீரை நாற்றுகளை அவற்றில் நட்டேன்.

முதல் பிழை அன்றே நேர்ந்தது. சத்துக் கரைசல் இரண்டு குப்பிகளில் வந்திருந்தது. இரண்டையும் ஒரு குவளையில் ஊற்றிக் கலக்கினேன். பால்போல் வெளுத்து, அடியில் வண்டல் படிந்தது. செறிந்த நிலையில் சேர்த்தால், ஒன்றிலுள்ள கால்சியம் மற்றதிலுள்ள பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் இணைந்து படிந்துவிடும், செடிக்குக் கிட்டாது. ஒன்றை வாளி நீரில் நன்கு கலந்த பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். புதிய குப்பிகள் வாங்கி அவ்வாறே செய்தேன்.

நாற்றுகள் வளர்ந்தன. நீர்மட்டம் குறையக் குறைய எனக்கு அச்சம் மிகுந்தது. நாள்தோறும் காலையில் கரைசலை விளிம்புவரை நிரப்பினேன். ஒரு வாரத்தில் கீரை வாடித் தலைசாய்ந்தது. நீரிலேயே நிற்கும் செடி ஏன் வாட வேண்டும்? இன்னும் சிறிது ஊற்றக் குவளையை எடுத்தேன்.

“ஊற்றாதே தம்பி.”

தந்தையார் பின்னால் நின்றிருந்தார். மெல்லக் குனிந்து மூடியைத் தூக்கினார். பழுப்பேறிய வேர்களை விரலால் தொட்டு முகர்ந்தார்.

“இது தாகத்தால் வாடவில்லை, மூச்சு முட்டி வாடுகிறது. வயலிலே காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வோமே, மறந்துவிட்டாயா?”

நீரைக் கட்டி, பின் வடியவிட்டு, மண் லேசாக வெடிக்கும்வரை பொறுத்து, மீண்டும் பாய்ச்சும் முறை அது. மூன்றாண்டுகளுக்குப் பின் அன்றுதான் அவர் வயலைப் பற்றிப் பேசினார். வாய்க்கால் முறை, நாற்றங்காலில் நீர் வடித்தல், பயிரின் நிறம் பார்த்து எருவிடுதல் எனப் பேச்சு நண்பகல்வரை நீண்டது.

அவர் சொன்னதும் அறிவியல் சொல்வதும் ஒன்றே. நீர் இறங்கும்போது வெளிப்படும் மேல்வேர்கள் காற்றிலுள்ள உயிர்வளியைப் பெறுகின்றன. அவற்றை மீண்டும் மூழ்கடித்தால் செடி திணறும். மண்ணோ தன் துகள்களின் இடைவெளியில் நீரையும் காற்றையும் ஒருங்கே வைத்து, இப்பணியை ஓசையின்றிச் செய்துவருகிறது. மண்ணை விலக்கிய பின்னரே மண்ணின் உழைப்பு எனக்கு விளங்கியது.

மீண்டும் நட்டோம். இம்முறை வாளியைத் தந்தையாரே பார்த்துக்கொண்டார். ஏறத்தாழ நாற்பதாம் நாள், முதல் அறுவடை மசியலாக இலைக்கு வந்தது. அவர் ஒரு கவளம் உண்டார்.

“கீரை நன்றாகத்தான் இருக்கிறது, மண்வாசனைதான் இல்லை,” என்றார். சற்றுப் பொறுத்து, “இன்னொரு வாளி வாங்கலாமா?” என்று கேட்டார்.