அபாடன் விடுதியின் கோமாளி பொம்மை

கதைமாந்தர் தாமே படம்பிடித்து, பின்னர் பிறர் கையில் கிடைத்த பதிவுபோல் அமைக்கப்படுவதே 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்' எனும் திகில்பட வகை. இவ்வகையில் ஸ்டீபன் காக்னெட்டி 2015-இல் தொடங்கிய 'ஹெல் ஹவுஸ் எல்எல்சி' வரிசை, ஹாலோவீன் காலத்தில் அமெரிக்கர்கள் கட்டணம் செலுத்தி அஞ்சி மகிழச் செல்லும் 'பேய் வீடு' எனும் கேளிக்கைக் கூடத்தைக் களமாகக் கொண்டது. அங்கே அலறலும் இரத்தமும் வேடிக்கையின் பகுதியாகவே கொள்ளப்படுவதால், மெய்யான ஆபத்தும் நடிப்பென்றே எண்ணப்படுகிறது. முதற்படத்தில் அத்தகைய கூடம் அமைக்கப்படும் அபாடன் விடுதியின் படிக்கட்டின் அடியில் நிற்கும் கோமாளி பொம்மை, கேமரா விலகி மீள்வதற்குள் தலையைத் திருப்பியிருக்கும் காட்சியில், அசைவைக் காட்டாது விட்ட சிக்கனமே அச்சத்தின் ஊற்று. 2018, 2019 ஆண்டுகளில் வந்த அடுத்த இரு பாகங்களோ விளக்கங்களை அடுக்கி அச்சிக்கனத்தை இழந்தன. முதற்படம் பென்சில்வேனியாவின் லீஹைட்டனில், உண்மையாகவே இயங்கிய ஒரு பேய் வீட்டில்தான் படமாக்கப்பட்டது.