நீருக்கேற்ற ஆடை

தலைநகருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம் முதலிற் கற்கும் பாடம் ஹிந்தி அன்று, கம்பளிதான். தீபாவளியையொட்டிப் பரணிலிருந்து இறங்கும் ஸ்வெட்டர்களும் ரஜாய்களும் ஹோலிக்குப் பின்னரே மீண்டும் ஏறுகின்றன. இருபதாண்டுகளாக இப்பாடத்தைப் பயின்றுவரும் எங்கள் வீட்டில், சென்ற பிப்ரவரியில் புதியதொரு வினா எழுந்தது: குளிர்ந்த ஆற்றில் படகு செலுத்தப் போகிறவள் எதை உடுத்துவது?

கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலும் என் மகள், ரிஷிகேசத்துக்கு மேலே சிவபுரியில் நான்கு நாள் கயாக் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். கயாக் என்பது ஒருவர் மட்டும் அமர்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு. அதில் கவிழ்வது விபத்தன்று. பாடத்தின் ஒரு பகுதி. பயிற்சியாளர் அனுப்பிய பட்டியலின் முதல் வரியே, ‘பருத்தி ஆடை கூடாது’ என்றிருந்தது.

இதைக் கேட்டு என் தாயார் திகைத்தார். எங்கள் ஊர் திருப்பூர். பனியன் தொழிலில் உழைத்த குடும்பம். “உடம்புக்குப் பருத்தியாட்டம் இதமானது வேற என்ன இருக்குது கண்ணு?” என்றார்.

அவர் கேள்வி நியாயமானது. வெயிலில் வியர்வையை உறிஞ்சி, மெல்ல உலர்ந்து, உடலைக் குளிர்விப்பது பருத்தியின் பெருமை. குளிர்ந்த ஆற்றில் அப்பெருமையே பகையாகிவிடுகிறது. நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது துணியன்று. இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று. பருத்தி நனைந்ததும் இழைகள் துவண்டு உடலோடு ஒட்டிக்கொள்ள, காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. கம்பளி இழை சுருண்டிருப்பதால் நனைந்தாலும் சிறிது காற்றைக் காக்கும். பாலியெஸ்டர் இழை நீரைக் குடிப்பதே இல்லை எனலாம். ஆதலால் காஷ்மீரி கேட் மொனாஸ்டரி மார்க்கெட்டில் மெல்லிய பாலியெஸ்டர் உள்ளாடை இரண்டும் ஃப்ளீஸ் சட்டை ஒன்றும் வாங்கினோம். என் இல்லாள் பின்னிய ஸ்வெட்டரைப் பற்றியும் பேச்சு வந்தது. கனத்த பின்னல் நீரைச் சுமந்து தோளை இழுக்கும் என்பதால் அது கரைக்கென்று ஒதுக்கப்பட்டது.

கரையில் நிற்பவரை வெயில் ஏமாற்றும். பிப்ரவரி நண்பகலில் ரிஷிகேசத்தில் ஒரு சட்டையே போதும் போலிருக்கும். ஆறோ, பனியாறுகளிற் பிறந்த பாகீரதியும் அளகநந்தாவும் தேவப்பிரயாகையில் கூடி வருவது. குளிர்நீரில் திடீரென விழுபவர் தம்மையறியாமல் மூச்சை வெடுக்கென இழுப்பர்; அவ்வேளையில் முகம் நீருக்குள் இருந்தால் இழுப்பது நீரைத்தான். அதைத் தாண்டினாலும் சில நிமிடங்களில் விரல்கள் வலுவிழந்து, துடுப்பையோ கரையிலிருந்து வீசும் கயிற்றையோ பற்ற இயலாது. உடல் முழுதும் வெப்பமிழந்து நினைவு தப்புவது அதற்கும் பின்னர்தான். ஆகவே வெயிலைப் பார்த்து உடுத்தலாகாது. நீரைத் தொட்டுப் பார்த்து உடுத்த வேண்டும்.

இதற்கென்றே அமைந்தது வெட்சூட். 1950களின் தொடக்கத்தில் ஹ்யூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், நியோப்ரீன் என்னும் நுரைத்த செயற்கை ரப்பரைக் கொண்டு இதை வகுத்தார். உடல் நனையாதிருக்க வேண்டியதில்லை, ரப்பருக்குள் அடைபட்ட நுண்குமிழிகள் வெப்பத்தைக் காத்தால் போதும் என்பது அவர் கண்ட நுட்பம். நீர் புகாத டிரைசூட் என்பதும் உண்டு. அது தானாகக் கதகதப்பு அளிக்காது. உள்ளே ஃப்ளீஸோ கம்பளியோ அணிய வேண்டும். விலையும் எழுத்தர் சம்பளத்துக்கு எட்டாதது. வெட்சூட் முகாமிலேயே வாடகைக்குக் கிடைத்தது: 3 மி.மீ. தடிமன், கையில்லாதது. துடுப்புப் போடுவோர் தோளைச் சுழற்ற வேண்டுமாதலால் கையில்லாததே வசதி. உள்ளே பாலியெஸ்டர், மேலே ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி, அனைத்தையும் இறுக்கி லைஃப் ஜாக்கெட்.

கொடுத்த வெட்சூட்டோ மெலிந்த என் மகளுக்குத் தொளதொளவென்றிருந்தது. உடலோடு ஒட்டாத வெட்சூட்டினுள் குளிர்நீர் ஓயாமல் புகுந்து வெளியேறும். உள்ளே தங்கும் சிறிதளவு நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாக வழியே இராது. வேறு அளவு கேட்டேன். “தூப் அச்சீ ஹை சாப், சலேகா” என்றார் உதவியாளர். நம் ஊரார் பலரும் இவ்விடத்தில் இணங்கிவிடுவர். “அப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்று மகள் முணுமுணுத்தாள். “பார்க்கட்டும் சாமி” என்று சொல்லி அங்கேயே நின்றேன். அரைமணி கழித்துப் பள்ளிச் சிறுவர் அளவில் ஒன்று வந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. அதை அணிந்து, துடுப்பைத் தலைக்குமேல் தூக்கித் தோள் தடையின்றி அசைகிறதா என்று பார்த்து, கரையோர ஆழமில்லா நீரில் கழுத்தளவு அமர்ந்து எழுந்த பின்னரே படகில் ஏறினாள்.

அன்று பிற்பகல் ஜீன்ஸும் டீ ஷர்ட்டுமாக ராஃப்டில் வந்திறங்கிய இளைஞர் சிலரைக் கண்டேன். வெயில் நன்றாகவே இருந்தது. ஆயினும் ஒருவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. தம் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைத் தம் விரல்களால் கழற்ற அவருக்கு இயலவில்லை. மற்றொருவர் கழற்றிவிட்டார்.

என் மகள் அதுவரை ஆறுமுறை கவிழ்ந்திருந்தாள். கரையேறியதும் நனைந்தவை யாவற்றையும் களைந்து, பிளாஸ்டிக் பையில் உலர்வாக வைத்திருந்தவற்றை உடுத்திக்கொண்டாள்: திருப்பூர்ப் பருத்திப் பனியன், அதன்மேல் அவள் தாயார் பின்னிய ஸ்வெட்டர், தலைக்குக் கம்பளிக் குல்லாய். ஃபிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன்.

“பனியன் வேலைக்கு ஆச்சுன்னு ஆத்தாகிட்டச் சொல்லிருங்கப்பா” என்றாள்.